வாழைப்பழக் கிடங்கில் ஒரு ஒப்போசம்

உங்கள் மேசைக்கு ஒரு விலங்கு வந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். கேட்ட கையோடு கணினியில், எந்த இனம் எங்கே வாழ்கிறது என்று காட்டும் பரம்பல் படத்தைத் திறப்பீர்கள். அந்த இடத்தில் எந்த இனத்துக்கு நிறம் பூசியிருக்கிறதோ அந்தப் பெயர் வாயில் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் விலங்கைத் தூக்குவீர்கள். அப்போது கண் அந்தப் பெயருக்கு ஒத்து வருவதை மட்டும்தான் பார்க்கும்.

கோபிக்க வேண்டாம், நம் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். காட்டுக்குள் வேலை செய்கிறவருக்கு அது பிழையும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்து விலங்கு மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று நம்பி வேலை செய்யலாம், பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், ஒக்லாந்தில். எங்கள் மேசைக்கு வருபவை கப்பலேறி வந்தவை. கப்பலேறி வந்த விலங்குக்குப் படத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எல்லர்ஸ்லியில் இருந்த ஓர் ஆய்வகத்தில் முலையூட்டிகளைப் பார்க்கிற ஆளாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். வந்ததெல்லாம் எலி. சில நாள் எலியில் பாதி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் சிலர், தமிழிலேயே எழுதுங்கள், எழுத்துக் கூட்டியாவது வாசிக்கிறோம் என்று கேட்டீர்கள். நல்லது, கூட்டுங்கள். கிருமி நீக்குவது, மண்டையோடு சுத்தம் செய்வது எல்லாம் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு ஒப்போசத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு காலை, துறைமுகச் சரக்கைச் சோதிக்கிற அரசு அதிகாரி ஒருவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். தென் ஒக்லாந்தில் வாழைப்பழம் பழுக்க வைக்கிற கிடங்கு ஒன்றில், இரண்டு பேருடைய பழ அடுக்குகளுக்கு நடுவே இருந்த வழியில் அது செத்துக் கிடந்ததாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் பொசம் குட்டி என்று நினைத்துக் குப்பையில் போடப் போயிருக்கிறார். வால் மொட்டையாக, எலி வால் மாதிரி இருக்கிறதே என்று தயங்கி ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மனிதரின் தயக்கத்துக்கு நாடு நன்றி சொல்ல வேண்டும்.

இங்கே பொசம் என்றால் எல்லாருக்கும் தெரியும். தோலுக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், இப்போது அது காட்டைத் தின்று தீர்க்கிறது. பெட்டியில் இருந்தது அது அல்ல. நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மரங்களில் வாழ்கிற சின்ன ஒப்போசம். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. உடம்பைவிட நீளமான வால். கண்ணைச் சுற்றி மை பூசியது போலக் கறுப்பு. வாழைக்குலை என்றால் அதற்குப் பிரியம், அதுவும் கூடு கட்டுகிற காலத்தில் சொல்லவே வேண்டாம்.

அதிகாரி கெட்டிக்காரர். பல வருடம் பொசம் பிடித்துப் பழகியவர். "வயிற்றில் பை இல்லை, அதனால் குட்டி போட்டது இல்லை" என்று ஏற்கெனவே எழுதிக் கொண்டு வந்திருந்தார். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஆள்தான் அப்படி எழுதுவார். இங்கே பொசத்தைப் பிடித்தவுடன் பையைத் திறந்து பார்ப்பார்கள், அது கைப்பழக்கம். ஆனால் இந்தச் சின்ன ஒப்போசத்துக்குப் பையே கிடையாது. குட்டிகள் தாயின் முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு வெளியே தொங்கும். கொஞ்சம் வளர்ந்தால் கூட்டில் விட்டுவிட்டுத் தாய் இரை தேடப் போகும்.

நான் அதைத் திருப்பி வயிற்று முடியை விலக்கிக் காட்டினேன். காம்புகள் நீண்டு இழுபட்டிருந்தன. பால் குடித்த குட்டிகள் அண்மையில்தான் காம்பை விட்டிருக்கின்றன. அப்படியென்றால் அவை கிடங்கில் எங்கேயோ இருக்கின்றன, பழத்தைக் கொறிக்கிற பருவத்திலும் இருக்கலாம் என்றேன். அதிகாரி தான் எழுதி வந்த வரியைக் குறுக்கே அடித்தார். ஒரு பொசத்தால் பட்ட பாடு போதாதா என்று நினைத்திருப்பார்.

கிடங்கின் ஒரு பக்க அடுக்கு பெரிய கொம்பனி ஒன்றுடையது. பனாமாவிலிருந்து வந்த பழம். மறுநாள் காலை லொறிகளில் ஏறிக் கடை கடையாகப் போகத் தயாராக இருந்தது. மற்றப் பக்க அடுக்கு ஒரு சின்ன வியாபாரியுடையது. தெற்கு எக்குவடோரிலிருந்து வந்த குட்டி வாழைப்பழம், நம் கதலி மாதிரி. அந்த வியாபாரியை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்தில் கோயில் பூசைத் தட்டில் இருந்த பழம் முக்கால்வாசியும் அவருடையதுதான். ஒரு பெண், பெயர் ரஞ்சி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேண்டாம். தகனினியில் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, முதலில் பொதி செய்கிற இடத்தில் வேலை, பிறகு வான் ஒன்றில் பழம் விற்று, பிறகு தானே இறக்குமதி செய்யத் துணிந்தவர். வீட்டை ஈடு வைத்துத்தான் அந்தக் கொன்டெய்னரை இறக்கியிருந்தார். விலங்கு ரஞ்சியின் பழத்தில் வந்தது என்று முடிவானால் அத்தனையும் அழிக்கப்படும், கிடங்கு அனுமதியும் போகும். அதோடு கதை முடிந்தது.

எங்கள் மேலாளர் ஒரு காலத்தில் சிலந்தி பார்த்தவர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அவருக்கும் நெருக்கடி இருந்தது. ஆதாரம் இல்லாமல் இரண்டு பேருடைய பழத்தையும் தடுத்து வைக்க முடியாது, கொம்பனியின் வக்கீல் காலையிலிருந்தே தொலைபேசியில் நிற்கிறார் என்றார். ஒரு அடுக்கைத் தடுத்து வைக்கலாம், மற்றதை விட வேண்டும், எதைத் தடுப்பது என்று விலங்கின் பெயர் சொல்லட்டும் என்றார். சொல்லிவிட்டு அவரே கணினியைத் திறந்தார். சின்ன ஆட்களின் சரக்கில்தான் இப்படி வரும் என்றார். எக்குவடோரின் தெற்குக் கரையில் இருப்பது இன்ன இனம் என்று படம் காட்டியது. இதுதான் பெயர், எழுது என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. பெயரைக் கேட்டதே எந்தப் பழப் பெட்டியிலிருந்து வந்தது என்று அறியத்தான். பெட்டி எக்குவடோர் என்று முடிவு செய்துவிட்டு, எக்குவடோருக்கு உரிய பெயரை வைத்து, அந்தப் பெயரைக் காட்டிப் பெட்டி எக்குவடோர் என்று நிறுவினால் அது என்ன விஞ்ஞானம்? நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி. அப்படியே அவரிடம் சொன்னேன். வால் பிடிபட்டால் சரிதானே என்று அவர் சிரித்தார்.

இங்கே கொஞ்சம் பெயர்க் கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்போசத்துக்கு ஒரு காலத்தில் பனாமாவிலிருந்து பெரு வரைக்கும் ஒரே பெயர்தான். பரம்பல் படத்தில் கடற்கரை முழுக்க ஒரே நிறம். பிறகு சிலர் உட்கார்ந்து தோலையும் மண்டையோட்டையும் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே இனம் என்று எல்லாரும் எண்ணியிருந்தது பல இனங்கள் என்று தெரிந்தது. யாரோ எப்போதோ வைத்து, பிறகு வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய பெயர்களைத் தூசி தட்டி எடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். பனாமாப் பக்கம் ஒன்று. தெற்கு எக்குவடோரின் காய்ந்த கரையில் இன்னொன்று. மேலே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. வயிற்று முடியிலும் மண்டையோட்டில் கண்ணுக்கு மேலுள்ள விளிம்பிலும்தான் வித்தியாசத்தைத் தேட வேண்டும். பழைய பெயரை எழுதியிருந்தால் எந்தப் பெட்டி என்று சொல்லவே முடியாது. புதிய பெயர் சொல்லும், ஆனால் அதை விலங்கிடம் கேட்க வேண்டும், படத்திடம் அல்ல.

மரபணுச் சோதனை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். அனுப்பினோம். பதில் வருவதற்குள் பழம் கறுத்துவிடும் என்று தெரிந்துதான் அனுப்பினோம்.

அடுத்தது ஒரு சிக்கல். நான் மேலாளரிடம், அந்த எக்குவடோர்ப் பழத்தின் சொந்தக்காரரை எனக்குத் தெரியும், என் மனைவியும் அவரும் கோயிலில் ஒன்றாகச் சமைக்கிறவர்கள் என்று சொன்னேன். இதை எழுதி வையுங்கள் என்றும் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார். அப்படியென்றால் நீ ஒதுங்கு, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் நான் ஒதுங்கினால் அவர் படத்தைப் பார்த்து எழுதுவார். நான் ஒதுங்காமல் பனாமா என்று எழுதினால், தமிழன் தமிழச்சியைக் காப்பாற்றிவிட்டான் என்பார்கள். எக்குவடோர் என்று எழுதினால், நல்ல பெயர் வாங்குவதற்காகத் தன் சனத்தையே காட்டிக் கொடுத்தான் என்பார்கள். மூன்று பக்கமும் இடி. மாலை வரை நேரம் தாருங்கள், கையெழுத்து என்னுடையது மட்டும் இல்லாதபடி செய்கிறேன் என்றேன். அவர் சரி என்றார். அந்த ஒரு சரிக்காக அவர் மீது எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

சாப்பாட்டு நேரத்தில் வாகனத் தரிப்பிடத்தில் நின்றபோது தொலைபேசி அடித்தது. ரஞ்சி.

"அண்ணை, உங்களிட்டத்தான் வந்திருக்காம் எண்டு கேள்விப்பட்டன். கதைக்கலாமோ?"

இந்த விஷயம் பற்றிக் கதைக்கக் கூடாது என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"ரெண்டு பேற்ர பழத்துக்கும் நடுவிலதானே கிடந்தது. அது அவையின்ர எண்டு ஒரு சொல்லு எழுதினா அவையளுக்கு ஒண்டும் ஆகாது அண்ணை. அவையளுக்கு இது ஒரு கொன்டெய்னர். எனக்கு இதுதான் எல்லாம்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அந்தப் பெரிய கொம்பனிக்கு அது கொசுக்கடி. "ரஞ்சி, நான் விலங்கை மட்டும்தான் பார்ப்பன். வேறை ஒண்டும் சொல்லேலாது" என்று வைத்துவிட்டேன். உள்ளே போய் மேலாளரிடம், தொலைபேசி வந்தது என்று அதையும் சொல்லி எழுதச் செய்தேன். இதை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு வருகிற தொலைபேசி எதுவாக இருந்தாலும் வந்த உடனே சொல்லிவிட வேண்டும். மறுநாள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.

எங்கள் இழுப்பறையில் இந்தச் சின்ன ஒப்போசங்களின் பழைய தோல்களும் மண்டையோடுகளும் கொஞ்சம் இருந்தன. யாரோ எந்தக் காலத்திலோ கிவிப் பறவையின் எலும்புகளைக் கொடுத்துப் பண்டமாற்றாக வாங்கியவை. எல்லாவற்றின் சீட்டிலும் பிரிப்பதற்கு முந்திய அதே ஒரு பெயர். கீழே, பிடித்த இடம். நான் வெள்ளை டேப்பை எடுத்து இடப்பெயர்கள் அத்தனையையும் மூடி ஒட்டினேன். பிறகு எஸ்தரைக் கூப்பிட்டேன்.

எஸ்தர் மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்தவர், எங்கள் ஆய்வகத்தில் வண்டு பார்க்கிறவர். வண்டின் காலில் உள்ள மயிரை வைத்து ஊர் சொல்லக்கூடிய கண். முலையூட்டி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, அக்கறையும் இல்லை. அதற்காகத்தான் கூப்பிட்டேன். கிடங்கு பற்றி, ரஞ்சி பற்றி, எந்தப் பக்கம் என்ன பழம் என்று எதுவும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குக் கோயில் பக்கமே போக்குவரத்து இல்லை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்.

"என்னா அண்ணே, ஒரே நாத்தமா இருக்கு. நான் வண்டு பாக்குற ஆளு லா. இத என்கிட்ட ஏன் காட்டுறீங்க?"

இதெல்லாம் எத்தனை வகை என்று பிரித்து வையுங்கள், பிறகு இந்தப் புதியது எதோடு சேருகிறது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அறையில் நின்றால் என் முகம் எதையாவது சொல்லிவிடும் என்று வெளியே போய்விட்டேன். எனக்கு இந்த இரண்டு இனத்தின் அடையாளமும் முன்பே தெரியும், அதனால் என் கண்ணில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. விலங்கைத் திருப்பிக் காம்பைக் காட்டியபோதே வயிற்று முடியையும் பார்த்துவிட்டேன். பார்த்தவுடன் மனம் ஒன்றைச் சொன்னது. கூடவே ரஞ்சியின் முகமும் வந்தது. இது பனாமாவாக இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். நினைத்தேன்தான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. மனிதன் நினைப்பான். அந்த நினைப்பு கைக்கு இறங்காமல் தடுக்கத்தான் டேப்பும் எஸ்தரும்.

என் தீர்மானத்தைத் தாளில் எழுதி, ஒரு உறையில் இட்டு மூடி மேலாளர் மேசையில் வைத்தேன். எஸ்தர் கூப்பிட்டபோது மேலாளரையும் அழைத்துக்கொண்டு போனேன். மேசையில் இரண்டு கும்பல். கிடங்கிலிருந்து வந்தது வலப்பக்கக் கும்பலோடு கிடந்தது.

"வயித்து முடிய ஊதிப் பாத்தாலே தெரியுது, அண்ணே. தோல விலக்கி மண்டையோட்டையும் பாத்துட்டேன். இது இவங்க ஆளுதான். சந்தேகமே இல்ல" என்றார் எஸ்தர்.

மேலாளர் வலப்பக்கக் கும்பலின் டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தார். எல்லாம் எக்குவடோர், தெற்குக் கரை. இடப்பக்கத்தில் பனாமா. என் உறையைத் திறந்தார். அதிலும் அதே பெயர்.

அது ரஞ்சியின் பழத்தில் வந்த ஒப்போசம்.

எஸ்தர் என்ன, ஏன் இப்படி முகம் வெளுத்துப் போச்சு என்று கேட்டார். நான் தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். மேலாளர் பின்னாலேயே வந்தார். தான் காலையில் சொன்ன அதே பெயர்தானே, ஒரு நாள் வீணாகிவிட்டது என்றார். அதே பெயர்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் காலையில் அதைப் பெட்டி சொன்னது, மாலையில் விலங்கு சொன்னது என்றேன். அவர் தலையாட்டினார். விளங்கித்தான் ஆட்டினாரா என்று தெரியாது.

அன்று மாலையே ரஞ்சியின் அடுக்கைப் பெட்டி பெட்டியாகத் திறந்தார்கள். நானும் போனேன். நடு அடுக்கில், சீப்புகளுக்கு இடையே, காய்ந்த இலையும் கடதாசிக் கிழிசலும் சேர்த்துக் கட்டிய கூடு. அதற்குள் குட்டிகள், உயிரோடு, கொழுகொழு என்று. அதிகாரி அவற்றை வலைப்பையில் போட்டு இறுகக் கட்டிய பிறகுதான் எல்லாரும் மூச்சு விட்டோம். பனாமாப் பழத்தைத் தடுத்து ரஞ்சியின் பழத்தை விட்டிருந்தால், மறுநாள் அந்தக் குட்டிகள் தெருமுனை டேரிக் கடைகளுக்கும் கோயிலுக்கும் போயிருக்கும். ஒக்லாந்துக் குளிரில் அவை பிழைத்திருக்குமா என்று என்னைக் கேட்டால், தெரியாது. பொசத்தைக் கொண்டுவந்து விட்டவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது.

ரஞ்சியும் அவர் கணவர் குகனும் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். பழம் முழுவதையும் அழிக்க ஏற்றிய லொறி அவர்களைத் தாண்டித்தான் போனது. ரஞ்சி அழவில்லை. குகன்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு தமிழனெண்டாலும் எங்களுக்கெண்டு நிப்பான் எண்டு நினைச்சம்."

அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, காரில் ஏறினேன். மோட்டர்வேயில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த ஒரு வசனம்தான் காதில் நின்றது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். கோயிலில் அர்ச்சனை வரிசையில் ரஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடைப்பள்ளியில் என் மனைவி மரக்கறி வெட்டப் போனால், கத்தி போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். என் மனைவி வந்து, உந்த எலி உத்தியோகத்தை விட்டால் என்ன என்று கேட்டாள். எனக்கு நொந்தது. பிழை விட்டால் நோகும் என்று எல்லாரும் சொல்வார்கள். சரியாகச் செய்தாலும் நோகும் என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நான் சொல்லி வைக்கிறேன். விளக்கம் சொல்லப் போகாதீர்கள். ஆய்வகத்து விஷயத்தைக் கோயில் வாசலில் விளக்கப் போனால் இரண்டு இடத்திலும் மரியாதை போகும்.

குகன் சும்மா இருக்கவில்லை. சின்ன வியாபாரிகளைத் திட்டமிட்டு மாட்டுகிறார்கள் என்று முறைப்பாடு செய்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் செய்திருப்பேன். வெளியிலிருந்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் கிண்டினார்கள். பெயர் எப்படி வந்தது, யார் யாருக்குப் பழக்கம், யார் தொலைபேசி எடுத்தார்கள் என்று கேட்டார்கள். எல்லாம் அன்றைக்கே சொல்லப்பட்டிருந்தது. சீட்டை மூடியது, எஸ்தர் பிரித்தது, உறை, இவ்வளவையும் விவரமாக எழுதிக் குகனுக்குப் பதில் அனுப்பினார்கள். மரபணு முடிவும் பின்னால் வந்து அதையே சொன்னது. மேலாளர் அதற்குப் பிறகு வீணான அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசவேயில்லை. அன்று காலையில் அவர் சொன்னதை மட்டும் நம்பி இருந்தால், அந்த விசாரணையில் எங்கள் தோல்தான் இழுப்பறைக்குப் போயிருக்கும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் அதில் விட்டுக் கொடுக்காதீர்கள். அந்தத் தாய் ஒப்போசத்தை இழுப்பறையில் சேர்த்தபோது சீட்டில் இடம் என்ன எழுதுவது என்ற கேள்வி வந்தது. தெற்கு எக்குவடோர் என்று எழுது, அதுதானே உண்மை என்றார் மேலாளர். நான் ஒக்லாந்து, வாழைப்பழக் கிடங்கு என்றுதான் எழுதினேன். எங்கே கிடைத்ததோ அதுதான் இடம். எங்கிருந்து வந்திருக்கும் என்பது நம் முடிவு, அதைக் கீழே தனியாக எழுதலாம். நம் முடிவை இடம் என்று எழுதினால், நாளைக்கு ஒருவர் அதைப் படத்தில் புள்ளியாக வைப்பார், நாளை மறுநாள் இன்னொருவர் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பெயர் வைப்பார். அதனால் உலகப் பரம்பல் படத்தில் இன்றைக்கும் தென் அமெரிக்கக் கரையில் புள்ளிகள் நெருங்கிக் கிடக்க, இந்தத் தீவில் ஒற்றைப் புள்ளி தனியாக நிற்கிறது. எங்கெங்கோ இருந்து மாணவர்கள் இது பிழை, திருத்துங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிழை இல்லை, வாழைப்பழத்தோடு வந்தது என்று பதில் எழுதியே எனக்குக் கை ஓய்ந்தது.

ரஞ்சி விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. கொஞ்ச காலம் எப்சம் பக்கத்தில் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலை ஒன்றில் வேலை செய்ததாகக் கேள்விப்பட்டேன். பிறகு வேறு ஆட்களோடு பங்குக்குப் பழம் இறக்கினார். மெல்ல மெல்லத் தன் பெயரிலேயே திரும்பவும் தொடங்கினார். கோயிலில் கண்டால் தலையசைப்பார். அதற்கு மேல் இல்லை. நானும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பகல், அலுவலகத் தொலைபேசியில் அவர் குரல்.

"அண்ணை, இஞ்ச பழத்துக்க ஒரு சாமான் செத்துக் கிடக்கு. அதிகாரிமாருக்குச் சொல்லிப்போட்டன். உங்களையும் வரச் சொன்னவை."

எந்த அடுக்கில், யாருடைய பழத்தில் என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். பார்த்தீர்களா, இவ்வளவும் நடந்த பிறகும் வாய் அதைத்தான் கேட்கிறது.

"அது நான் சொல்லமாட்டன்" என்றார் ரஞ்சி. "வந்து பாருங்கோ."

நானும் அதே பழைய அதிகாரியும் போனோம். அந்தக் கிடங்கிலும் பல பேருடைய பழம் இருந்தது. ரஞ்சி படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து, பெட்டிகளில் ஊர், பண்ணை, கொம்பனி என்று அச்சடித்திருந்த எல்லாப் பக்கத்தையும் மூடிப் போட்டிருந்தார். பூப்போட்ட விரிப்பு, கோடு போட்ட விரிப்பு, ஒன்றில் பிள்ளைகளின் கார்ட்டூன். கிடங்கு முழுக்கக் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் அந்த வெள்ளை டேப்பை நினைத்தது என் கண்ணில் தெரிந்துவிடும்.

ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைத் திறந்து நீட்டினார் ரஞ்சி. உள்ளே சின்ன உடம்பு, நீண்ட வால். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன். முன்னால் கொறிக்கிற பல் மட்டும். எக்குவடோரும் இல்லை, பனாமாவும் இல்லை. ஒக்லாந்தில் எந்தக் கராஜிலும் ஓடுகிற சுண்டெலி.

"சுண்டெலிதான் தங்கச்சி. இந்த ஊர் எலி. ஆற்ற பழத்துக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை."

அதிகாரி சிரித்துவிட்டார். ரஞ்சி சிரிக்கவில்லை. டப்பாவைத் திரும்பவும் என் பக்கம் தள்ளினார்.

"வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ அண்ணை. எனக்காகச் சொல்ல வேண்டாம்."

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எலியைத் திருப்பி, வயிற்றைத் திரும்பவும் பார்த்தேன்.